கறிக்கடை வாசலில் பவுல்



இவ்வாரத் தியானத்திற்குரிய வேதபகுதி 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரம், 23 முதல் 33 வரையுள்ள வசனங்கள். அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு இக்கட்டுரைக்குத் திரும்பும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சபையாரிடமிருந்து போதகருக்கு வரும் கேள்விகளில் திரித்துவத்தைக் குறித்தும் முன்குறித்தலைக் குறித்தும் எழுபவை மிகச் சொற்பம். கறியைக் குறித்தவையே அதிகம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள விசுவாசிகள் தொலைபேசியில் அழைத்து, சற்றுத் தயங்கி, பின்பு கேட்கிறார்கள்: "ஐயா, நாங்கள் வழக்கமாகக் கறி வாங்கும் கடைக்காரர் இஸ்லாமியர். அவர்கள் முறைப்படி அறுத்த கறியை நாம் வாங்கலாமா?" இன்னொருவர், ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டார் கோவிலில் கிடா வெட்டிப் பங்கு கொடுத்தனுப்பினால் என்ன செய்வது என்று கேட்கிறார். இரத்தப் பொரியலைக் குறித்துக் கேட்கிறவர்களும் உண்டு. வாய்திறந்து எவரும் கேட்காத கேள்வியும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்பு வருகிறேன்.

இக்கேள்விகளை அற்பமானவை என்று நான் எண்ணுவதில்லை. பரிசுத்த பவுல் தம் நிருபத்தில் இவற்றுக்காக ஏறக்குறைய மூன்று அதிகாரங்களைச் செலவிட்டிருக்கிறார்.

கொரிந்து நம் ஊர்களைப் போன்ற பட்டணந்தான். விழுப்புரம் இரயில் பாதைகள் கூடுமிடம். கொரிந்து கடற்பாதைகள் கூடிய இடம். கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்ட அப்பட்டணத்தில் பல தேசத்தாரும் பல தெய்வங்களை வணங்குவோரும் நெருங்கி வாழ்ந்தார்கள். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். 'கடை' என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'மாக்கெல்லோன்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் அச்சொல் வருகிறது. மளிகைக் கடையை அது குறிக்கவில்லை. இறைச்சியும் மீனும் விற்கப்பட்ட, மதில் சூழ்ந்த ஊர்ச்சந்தையையே குறிக்கிறது. கொரிந்துவில் கிடைத்த லத்தீன் கல்வெட்டுத் துண்டுகளிலும் அச்சந்தையின் பெயர் காணப்படுகிறது.

அப்படிப்பட்ட சந்தை எவ்வாறு இருந்தது என்பதைப் பொம்பெயி நகரின் இடிபாடுகளில் காணலாம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரின் சந்தையில் மீன் செதில்களும் ஆடுகளின் எலும்புக்கூடுகளும் அகப்பட்டன. அதே சந்தையின் கிழக்குப் பக்கத்தில் பேரரசரை வணங்குவதற்கென ஒரு சன்னிதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோவிலில் பலியிடப்பட்டு மீந்த இறைச்சியும், பலியோடு சம்பந்தமில்லாமல் அறுக்கப்பட்ட இறைச்சியும் ஒரே மேடையில் தொங்கியிருக்கக்கூடும். வாங்குகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே கொரிந்து விசுவாசி ஒவ்வொருவனும் கடை வாசலில் நின்று, "இந்தத் தொடை எங்கிருந்து வந்தது?" என்று விசாரிக்கவேண்டுமா என்பதே அன்றைய கேள்வி.

பவுலின் பதில் தெளிவானது. விசாரிக்கவேண்டாம், வாங்கிச் சாப்பிடு என்கிறார். காரணமாக 24ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்துக்காட்டுகிறார். பூமியும் அதிலுள்ள யாவும் கர்த்தருடையவை எனில், செஞ்சியின் மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த வெள்ளாடும் அவருடையதே.

நம் கறிக்குழம்பு வருகிற வழியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. விடியுமுன்னே கூடி, வெயில் ஏறுமுன்னே கலைந்துவிடும். வளர்த்தவர் ஓர் இந்து விவசாயியாக இருப்பார். வாங்கிய வியாபாரி எம்மதத்தினராகவும் இருக்கலாம். அறுப்பவர் இஸ்லாமியர், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று, நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் கொஞ்சம் என்று கேட்டு வாங்குகிறவர் கிறிஸ்தவர். (அவ்வரிசையின் நீளத்திற்கும் ஆராதனையின் முதற்பாட்டிற்குக் காலியாக இருக்கும் பெஞ்சுகளுக்கும் உள்ள உறவைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவேன்.) இந்த நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணியில் எந்த நாமம் சொல்லப்பட்டது என்று துப்பறிய வேதம் நமக்குக் கட்டளையிடவில்லை.

இஸ்லாமியர் அறுக்கும் முறைமையில் இறைவனின் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடுகிறார்கள். அங்கே விக்கிரகமும் இல்லை, படையலும் இல்லை. எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதியனுப்பிய சில விலக்குகளில் இரத்தமும் ஒன்று என்பதை அப்போஸ்தலர் 15இல் வாசிக்கிறோம். இரத்தம் வடிந்த கறியைச் சந்தேகப்பட்டுவிட்டு, அதே கடையில் பொரியலுக்கென இரத்தத்தையும் கேட்டு வாங்குவோமானால், நம் மனச்சாட்சி எங்கோ தலைகீழாகத் தொங்குகிறது. என் வீட்டில் இரத்தப் பொரியல் சமைப்பதில்லை. உங்கள் வீட்டில் சமைத்தால் அதற்காக உங்களை நான் நியாயந்தீர்ப்பதுமில்லை. யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் அமரவேண்டும் என்பதற்காக எழுந்த தீர்மானத்தை வைத்துக்கொண்டு நாம் பந்தியைப் பிரிக்கக்கூடாது.

ஆகவே, ஆம், அக்கடையில் வாங்கலாம். இருபது ஆண்டுகளாக உங்களுக்குக் கறி கொடுத்தவரை, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை நம்பிக் கைவிடாதீர்கள்.

கோவில் கிடாவின் பங்கு வேறு காரியம். அங்கே நாம் விசாரிக்கவில்லை. கொண்டுவந்தவரே, "இது அம்மனுக்கு வெட்டினது" என்று சொல்லிக் கொடுக்கிறார். பவுல் இந்த நிலைமையையும் 28ஆம் வசனத்தில் கருதியிருக்கிறார். அப்படி ஒருவர் அறிவித்தால், அறிவித்தவரின் பொருட்டுப் புசியாதே என்கிறார். கறியில் விஷம் ஏறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கொடுப்பவர் அதற்கு ஓர் அர்த்தம் தருகிறார். அந்த அர்த்தத்தில் நாம் பங்குகொள்ளவில்லை, அவ்வளவே. ஆனால் மறுக்கும் முறை உண்டு. பாத்திரத்தைத் தொடமாட்டேன் என்று கதவைச் சாத்துவது சாட்சியாகாது. "அக்கா, மனசார நன்றி, எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, அந்தத் தேங்காயும் பழமும்கூட வேண்டாம், உள்ளே வந்து காபி குடியுங்கள்" என்று உட்காரவைத்து அனுப்பலாம். அப்படிச் செய்கிற தாய்மார்களை நம் சபையிலேயே அறிவேன்.

நம் பக்கத்து மக்களிடம் நாம் கற்கவேண்டியதும் இருக்கிறது. திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் தமிழ்ச் சமணர் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. கறி, மீன், முட்டை எதையும் அவர்கள் தொடுவதில்லை. மகாவீரர் ஜெயந்தி அன்று தமிழ்நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன. திருவள்ளுவர் தினத்திலும் வள்ளலார் நினைவு நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் அப்படியே. அந்த நாட்களில் முணுமுணுத்துக்கொண்டு முந்தின இரவே வாங்கிக் குளிர்பெட்டியில் அடைத்துவைக்கும் நம்மவருக்கு ரோமர் 14ஐ நினைப்பூட்டுகிறேன். மரக்கறி புசிக்கிறவனை அற்பமாக எண்ணவேண்டாம் என்று பவுல் எழுதியது சபைக்குள் இருந்தவர்களுக்கே. ஆனாலும் அந்த மனப்பாங்கு சபையின் வாசற்படியோடு நின்றுவிடவேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் அன்று சமண நண்பருக்குப் பிரியாணி அனுப்பாமல் பழத்தட்டு அனுப்புகிறோம் அல்லவா? முட்டை சேர்த்த கேக்கும் அவர்களுக்கு ஆகாது என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

காய்கறிக்கும் பழத்திற்கும் வருவோம். 2025ஆம் ஆண்டின் கோடையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தர்ப்பூசணிக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி தமிழ்நாடு முழுவதும் பரவியது. திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கையில் காசு தரும் பயிர் அது. வாங்குவோர் ஒதுங்கினார்கள், விலை சரிந்தது, பழங்கள் வயல்களிலே தேங்கின. விவசாயிகள் வீதியில் இறங்கி, பழத்தை வெட்டிக் காட்டி, தின்று காட்ட வேண்டியதாயிற்று. அச்செய்தியை நம்மில் எத்தனைபேர் அடுத்தவருக்கு அனுப்பினோம்? பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க வேண்டும் என்ற கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மாத்திரம் உரியதென்று நினைக்கிறோம். ஒருவனுடைய ஒரு பருவத்து உழைப்பை விரலின் ஒரு தட்டலால் கெடுப்பதும் அக்கட்டளைக்குள் அடங்கும். சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் நேரில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யுங்கள். அது வேறு, வதந்தி வேறு.

விசாரிக்கவேண்டாம் என்ற பவுலின் சொல் எடைக்கும் விலைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். லேவியராகமம் 19ஆம் அதிகாரமும் உபாகமம் 25ஆம் அதிகாரமும் படியையும் தராசையும் குறித்துக் கண்டிப்பாகப் பேசுகின்றன. ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத்தராசை எப்போது எடுப்போம் என்று காத்திருந்தவர்களை ஆமோஸ் கடிந்துகொண்டார். மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். நம் மாநிலத்தில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தட்டை வைத்தபின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதும், கொழுப்பையும் ஈர இலையையும் சேர்த்து நிறுத்தால் கேட்பதும் உங்கள் உரிமை. நம் சபையில் வியாபாரம் செய்கிறவர்களே, உங்கள் தராசின் முத்திரைக்கு எந்த ஆண்டின் தேதி இருக்கிறது?

தராசைப் பற்றிப் பிரசங்கங்கள் ஏராளம். வாங்குகிறவனைப் பற்றி வேதம் சொல்வதை மாத்திரம் நாம் விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நீதிமொழிகள் 20:14ஐ எடுத்துப் பாருங்கள். சரக்கு மட்டம், சரக்கு மட்டம் என்று சொல்லிச் சொல்லி விலையைக் குறைத்து வாங்குகிறான் ஒருவன். வீட்டுக்குப் போனபின் அதையே மெச்சிக்கொள்கிறான். சாலொமோன் இதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையுமில்லை. எம்.ஜி. ரோட்டுக் காய்கறிக் கடைகளில் ஒரு மணி நேரம் நின்றால் அவ்வசனத்தின் விளக்கவுரை முழுவதையும் கேட்டுவிடலாம். "என்னம்மா, கத்தரிக்காயெல்லாம் சொத்தையா இருக்கு" என்று சொல்லுகிற வாய், வீட்டில், "பாரு, எப்படி மின்னுது, பாதி விலைக்கு வாங்கினேன்" என்கிறது. இவ்விரண்டு வாக்கியங்களில் ஒன்று பொய். எது என்று சொன்னவருக்குத் தெரியும்.

பேரம் பேசுவதே பாவம் என்று நான் போதிக்கவில்லை. பேரம் நம் சந்தைகளின் பேச்சுவழக்கு. விற்பவரும் அதற்கு இடம்வைத்தே விலை சொல்லுகிறார். ஆபிரகாம்கூட மக்பேலா நிலத்தைப் பேச்சுக்குப்பின்தான் வாங்கினார். ஆனால் அவர் விலையைக் குறைக்கவில்லை, எப்பிரோன் சொன்ன நானூறு சேக்கலையும் நிறுத்துக் கொடுத்தார். பேரம் எவரிடத்தில் என்பதே என் கேள்வி. குளிரூட்டப்பட்ட கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுக்கு எதிர்வார்த்தை பேசாமல் பணம் செலுத்துகிறோம். தரையில் சாக்கு விரித்து ஐந்து கட்டு அரைக்கீரையோடு உட்கார்ந்திருக்கும் முதியவளிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வழக்காடுகிறோம். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்துக் கீரைப் பாத்திகளும் நெல்வயல்களும் நீருக்குள் போயின. அவ்வெள்ளத்தில் விதையையும் இழந்து மறுபடி விதைத்தவர்கள் அந்தச் சாக்குகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

பேரத்தில் உங்களுக்கு விருப்பமே இல்லையென்றால் உழவர் சந்தைக்குச் செல்லுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பட்டுப் பின் மாநிலம் முழுவதும் பரவிய ஏற்பாடு அது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகரின்றி நேரடியாக விற்கிறார்கள். காலையிலேயே விலை நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. விளைவித்த கைக்கே காசு போய்ச் சேருகிறது.

நம் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பரங்கிக்காயும் வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் பீடத்தண்டை வந்து சேருகின்றன. ஓர் எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகிறது, நாம் கைதட்டுகிறோம். விலையை ஏற்றுவதில் நமக்கு எவ்வளவு ஆனந்தம்! அந்தப் பரங்கிக்காயைக் காணிக்கையாகக் கொண்டுவந்த சகோதரி திங்கட்கிழமை காலை பேருந்து நிலையத்தருகே அதன் தங்கைக்காயை விற்றுக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளிடம் விலையை இறக்குகிறவர்களும் நாமே. ஏலத்தில் நாம் கொடுத்தது காணிக்கை என்று சொல்லலாம். சரி, அவளுக்கு நாம் கொடுக்கவேண்டியது கூலி. கூலியைக் குறித்து யாக்கோபு 5ஆம் அதிகாரம் என்ன சொல்லுகிறதென்று வாசியுங்கள்.

இனி, எவரும் கேட்காத கேள்வி.

நம் சபையில் மாட்டிறைச்சி வாங்குகிற குடும்பங்கள் உண்டு. ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், அதன் பாதி விலைக்கும் குறைவாகப் பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு கொடுக்கிறார்கள். விலைக்காக மாத்திரமல்ல, அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டு உணவு, விருப்பமான உணவு. ஆயினும் அவர்கள் அதைக் கறுப்புப் பையில், இரண்டு சுற்றுச் சுற்றி, பைக்குமேல் கீரைக்கட்டை வைத்து எடுத்துச் செல்கிறார்கள். ஆட்டுக்கறி வாங்கினவர் தாமரை இலைப் பொட்டலத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு நடக்கிறார். சபை மக்கள் எதிரே வந்தால் முன்னவர் வேறு தெருவில் திரும்புகிறார். எவருக்குப் பயந்து? கர்த்தருக்கா?

அக்கறியில் பாவம் இல்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அப்பையைக் கறுப்பாக்குவது சாதி. "அவர்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்" என்று ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற இன்னொருவரைக் குறித்துச் சொல்லும்போது, 'மணம் ஒத்துக்கொள்ளாது' என்ற காரணம் உதட்டளவில் நிற்கிறது. ஒவ்வாமை உள்ளவர், மருத்துவர் தடுத்தவர், விருப்பமில்லாதவர் உண்ணவேண்டிய கட்டாயமில்லை. தட்டில் வேண்டாம் என்பது வேறு, ஆளையே வேண்டாம் என்பது வேறு.

யோப்பாவில் மேல்வீட்டில் பசியோடிருந்த பேதுருவுக்குத் தரிசனத்தில் காட்டப்பட்டவை மிருகங்களும் பறவைகளுமே. ஆனால் கொர்நேலியுவின் வீட்டு வாசலைக் கடந்தபோது அவர் கூறிய விளக்கத்தில் மிருகங்களே இல்லை. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று சொல்லலாகாதென்று தேவன் தமக்குக் காண்பித்தார் என்றார். அதே பேதுரு அந்தியோகியாவில் சிலர் வந்தவுடன் புறஜாதியாரின் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் 2இல் வாசிக்கிறோம். கறிக்கடையில் கேள்வியே வேண்டாம் என்று அத்தனை தாராளமாய் எழுதியவர், பந்தியில் ஒருவர் எழுந்து போனதைத் தாங்கிக்கொள்ளவில்லை.

நம் நாட்டுத் திருச்சபையும் இவ்விடத்தில் பலமுறை இடறியிருக்கிறது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளில் பெரும்பாலோர், சாதியை விடாதவர்களை நற்கருணையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். எவர் சமைத்ததையும் எல்லோரும் கூடியுண்ணும் 'அன்பின் விருந்து' அதற்குச் சோதனையாக வைக்கப்பட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதற்கு இணங்கவில்லை. பல சபைகள் உடைந்தன. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்திலும் ஊழியம் செய்தது; சாதியைச் சபைக்குள் அனுமதிப்பதில்லை என்பதில் அது கண்டிப்பாக இருந்தது. அம்மிஷனெரிகளிடம் வேறு குறைகள் இருந்தன. ஆனால் நற்கருணை மேசையை அடையும் வழி சமையற்கட்டின் வழியாகப் போகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அடுத்த மாதம் நம் சபையின் ஐக்கிய விருந்து. என்ன கறி சமைப்பது என்று குழுவினர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் மரக்கறியும், மூன்றும் சமைக்கப்படும். மூன்றும் ஒரே கொட்டகையில், ஒரே பந்தியில், அவரவர் கேட்டபடி பரிமாறப்படும். சமைக்க ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் பெயர் கொடுக்கவேண்டும். எந்தக் குடும்பம் எந்த அடுப்பில் என்பதைச் சீட்டுப்போட்டு எடுப்போம். கறி வாங்கச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு நானும் வருகிறேன். துணைக்கு இரண்டு வாலிபர்கள் தேவை. பெரிய தூக்குகளைக் கொண்டுவாருங்கள், பைகள் வேண்டாம்.